கேள்வி கேட்ட உபதேசியார்

திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள அய்யன்காளி மண்டபம், பழைய வி.ஜே.டி. ஹால், நம்மவர்க்குத் தெரிந்த இடம். அங்கே கூடிய ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு 1921-லும் 1931-லும் நியமிக்கப்பட்டவர் பொய்கையில் யோகன்னான்.

1879-ல் திருவல்லாவை அடுத்த இரவிப்பேரூரில் பண்ணையாட்கள் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் குமரன். மார்த்தோமா சபையில் சேர்ந்து, வேதம் கற்று, உபதேசியாரானார்.

ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையவில்லை. வேறு சபைக்குப் போனார். அங்கும் அதே கதை. தம் முன்னோர் பட்ட அடிமைத் துயருக்கு வேதத்தில் இடமெங்கே என்று கேட்டார். விசுவாசித்தால் போதும் என்றிருக்க அவரால் முடியவில்லை.

மறுமையில் அல்ல, கண்முன்னே மீட்பு வேண்டுமென்று 1909-ல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். பிரஜா சபையில் தம் மக்களுக்குப் பள்ளியும் நிலமும் கேட்டார். 1939-ல் காலமானார்.

கேள்வி கேட்ட அப்பச்சனையே அச்சபையார் இன்று தெய்வமாக வணங்குகிறார்கள்.