பெயரை வேண்டாத பேருபகாரி
டாக்டர் மார்க் லிட்வில்

உலகுக்கு உபகாரம் செய்தோர் பலர். அவருள்ளும் தாம் செய்த உபகாரத்தின்மீது தம் பெயரைப் பொறித்துச் சென்றோரே அதிகம். செய்ததை உலகின் கையில் ஒப்புவித்துவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சிட்னி நகரில் வாழ்ந்த டாக்டர் மார்க் கௌலி லிட்வில் ஆவார்.

1878-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்த லிட்வில், இளமையிலேயே குடும்பத்தாருடன் ஆஸ்திரேலியா சென்று, மெல்போர்ன் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். பின்பு சிட்னியில் ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் ஆஸ்பத்திரியில் தொண்டு புரிந்தார். ரணசிகிச்சைக்கு முன் நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் வித்தையில் அவர் நிபுணர்; சிட்னி சர்வகலாசாலையில் அவ்வித்தையைப் போதிக்க முதன்முதல் நியமிக்கப்பட்டவரும் அவரே. மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் இருதயம் திடீரென நின்றுவிடுவதுண்டு. பழுதில்லாத இருதயம் ஏன் நிற்க வேண்டும், நின்றதை மீண்டும் ஓட்ட இயலாதா என்ற கேள்வி அவரை விடவில்லை.

இருதயத்துக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உண்டு. வலது மேலறைச் சுவரில் உள்ள ஒரு சிறு முடிச்சிலிருந்தே ஒவ்வொரு துடிப்புக்கும் ஆணை பிறக்கிறது. இம்முடிச்சைக் கீத், பிளாக் என்னும் இருவர் 1907-ல் கண்டறிந்தனர். அவ்வாணை மின்சாரமாகவே மேலறைகளிற் பரவி, பின்பு கீழறைகளுக்கு இறங்குகிறது. இயற்கை ஆணையிடத் தவறும்போது மனிதன் அதனை இடலாகாதோ?

1926-ல் பௌதிக நிபுணராகிய எட்கர் பூத் என்பவரின் துணையுடன் லிட்வில் ஒரு கருவியை அமைத்தார். வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரமே அதற்குப் போதும். ஒரு முனை, உப்பு நீரில் நனைத்துச் சருமத்தின்மீது வைக்கப்படும் பட்டை. மற்றொன்று, நுனி தவிர மற்றெல்லாப் பாகமும் மின்சாரம் கசியாதபடி பூசப்பட்ட ஊசி. நிமிஷத்துக்கு 80 முதல் 120 வரை துடிப்புக்களை அதனால் அளிக்கலாம்.

1928-ல் சிட்னி கிரௌன் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சிசு உயிர்க்குறியின்றிப் பிறந்தது. வேறு உபாயங்கள் பலிக்கவில்லை. லிட்வில் ஊசியை இருதயத்தின் மேலறையிற் செலுத்தினார், பயனில்லை. வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பர். அவரோ ஊசியைக் கீழறைக்கு மாற்றினார். இருதயம் துடித்தது! பத்து நிமிஷங்களுக்குப் பின் மின்சாரத்தை நிறுத்தியபோதும் துடிப்பு நிற்கவில்லை. குழந்தை பிழைத்தது.

1929-ல் சிட்னியில் கூடிய வைத்திய மகாநாட்டில் இச்செய்தியை அவர் அடக்கமாக வெளியிட்டார். இறக்கும் உயிரைச் செயற்கையால் நிறுத்தி வைப்பது தகுமா என்று ஐயுற்றோர் மிகுந்திருந்த காலம் அது. 1932-ல் நியூயார்க்கில் இத்தகைய கருவியொன்றை வெளியிட்டு அதற்குப் பேஸ்மேக்கர் எனப் பெயரிட்ட டாக்டர் ஹைமன், தெய்வச் செயலில் தலையிடுவதாக நிந்திக்கப்பட்டார். லிட்வில் அவ்வழக்கில் இறங்கவில்லை, புகழையும் தேடவில்லை. கண்டுபிடித்தவனுக்குச் சட்டம் அளிக்கும் தனியுரிமையையும் அவர் பதிவு செய்து கொள்ளவில்லை. சட்டம் பயின்ற நாம் அவ்வுரிமையைப் பிழையென்று கூறமாட்டோம். ஆயினும் உரிமை இருந்தும் அதைக் கோராதவனின் பெருமை வேறு.

1958-ல் ஸ்டாக்ஹோம் நகரில் பேஸ்மேக்கர் முதன்முறையாக மனித உடலினுள்ளேயே பதிக்கப்பட்டது. அன்று லிட்வில்லின் ஊசிக்கு இணங்காத மேலறையும் பின்னர் வைத்தியருக்கு வசமாயிற்று. தோளெலும்பின் அருகேயுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பி ஒன்று வலது மேலறைக்குள் செலுத்தப்படுகிறது. அதன் முனை தூண்டில் போல் வளைந்து, அங்குள்ள காது மடல் போன்ற சிறு பையில் தங்குகிறது. மேலறைச் சுவர் மெலிதாகையால் கம்பி நழுவிவிடக் கூடும். அதைத் தடுக்க நுனியில் மென்மையான முட்களேனும் சிறு திருகேனும் அமைக்கின்றனர். மேலறை முன்னும் கீழறை பின்னுமாகச் சுருங்கினாற்றான் கீழறை நன்கு நிரம்பும். ஆதலின், முடிச்சு மட்டும் தளர்ந்து கீழ்வழி பழுதுறாதிருப்போருக்கு மேலறையைத் தூண்டுதலே இயற்கைக்கு இசைந்த சிகிச்சையாகிறது. அக்கம்பியும் உடல் முழுதும் உறையிடப்பட்டு நுனியில் மட்டுமே மின்சாரத்தை விடுகிறது. லிட்வில்லின் ஊசியும் அவ்வாறே அமைந்திருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க.

1969-ல் அவர் காலஞ்சென்றார். தேசத்தொண்டில் இறங்குவோர் பலர், வேலை முடியுமுன்னரே தம் பெயர் விளங்கவில்லையே என்று மனம் சோர்கின்றனர். அவர்கள் இவ்வைத்தியரின் வாழ்க்கையைச் சிந்திப்பாராக. ஓரிடத்தில் பலிக்காவிடின் மற்றோரிடத்தில் முயல்க. பலித்தபின் அதை எல்லோருக்கும் உரியதாக்குக. நின்ற இருதயத்தை ஓட்டியவர் தம் பெயர் ஓடவேண்டுமென்று விரும்பவில்லை. அவர் காட்டிய வழியால் இன்று எண்ணிறந்த இருதயங்கள் ஓடுகின்றன.