தாழ்மைத் தொண்டர் தமியான் அடிகள்

தொண்டு என்னும் சொல் நம் கல்லூரியில் அடிக்கடி ஒலிப்பது. மன்றங்களில் அதனைப்பற்றிப் பேசுகின்றோம். விடுமுறை நாட்களில் அண்மையிலுள்ள சிற்றூர்களுக்குச் சென்று, தெருக்கூட்டி, மருந்து வழங்கி, மாலையில் விடுதிக்கு மீள்கின்றோம். இவை நல்லனவே. ஆயினும் தொண்டு செய்வார்க்கும் அதனைப் பெறுவார்க்கும் இடையே ஒரு வேலி நிற்பதை நாம் உணராமலில்லை. அவ்வேலியைக் கடந்து சென்று மீளாத ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் மொலக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே வாழ்ந்து மறைந்த தமியான் அடிகள்.

பெல்ஜிய நாட்டில் திரெமெலோ என்னும் சிற்றூரில், 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள், ஓர் உழவர் குடியில் ஏழாம் மகவாய் அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் என்பது. தானிய வாணிகத்தில் தமக்குத் துணையாவார் என்று தந்தையார் எண்ணியிருந்தார். மகனாரோ, தமையனார் முன்னரே புகுந்திருந்த துறவறச் சபையில் 1859இல் தாமும் புகுந்து, தமியான் என்னும் பெயர் பூண்டார். போதிய கல்வியில்லாமையால் குருப்பட்டத்திற்கு ஏற்றவரல்லரெனக் கருதப்பட்டு, முதலில் எளிய சகோதரராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார். பின்னர்த் தமையனாரிடமே இலத்தீன் மொழியைப் பயின்று தேர்ந்தமையால், குருக்களாதற்குரிய படிப்பில் இடம் பெற்றார்.

1863இல் அத்தமையனார் ஹவாய்த் தீவுகளுக்கு ஊழியத்தின் பொருட்டுச் செல்ல ஆயத்தமாயிருந்தபொழுது கொடிய காய்ச்சலாற் படுக்கையுற்றார். அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு தம்பியார் பாரிஸ் நகரிலிருந்த சபைத் தலைவர்க்கு எழுதி இசைவு பெற்றார். 1864 மார்ச்சு 19ஆம் நாள் ஹொனொலுலு துறையில் இறங்கி, அவ்வாண்டு மே 21இல் அந்நகர்ப் பேராலயத்திற் குருப்பட்டம் பெற்றார். அதன்பின் ஒன்பதாண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் மலையும் காடும் கடந்து நடந்து, அம்மக்களின் மொழியைக் கற்று, தம் கையாலேயே மரம் அறுத்துச் சிற்றாலயங்கள் எழுப்பி வந்தார்.

அக்காலத்தே அத்தீவுகளில் தொழுநோய் பரவிற்று. அதற்கு மருந்து ஒன்றும் அறியப்படவில்லை. அரசாங்கத்தார் 1865இல் ஒரு சட்டம் இயற்றி, 1866 முதல் நோயுற்றாரைப் பிரித்து மொலக்காய்த் தீவின் வடபால் உள்ள கலாவாவோ என்னுமிடத்திற்கு அனுப்பலாயினர். அஃது ஒருபுறம் செங்குத்தான பாறைச் சுவரும் ஏனைப் புறங்களிற் கொந்தளிக்கும் கடலும் சூழ்ந்த நிலம். இயற்கையே அதனைச் சிறையாக அமைத்துவிட்டது எனலாம். கணவனை மனைவியினின்றும், தாயை மகவினின்றும் பிரித்து அங்கே கொண்டு விட்டனர். வீடும் மருத்துவரும் போதிய உணவும் அங்கில்லை.

தம்மிடையே நிலையாய்த் தங்கும் ஒரு குரு வேண்டுமென்று அந்நோயாளர் வேண்டினர். 1873 மே மாதத்தில் மேற்றிராணியார் தம் குருக்களிடம் இதனைக் கூறியபொழுது, நால்வர் முறைவைத்துச் செல்ல முன்வந்தனர். முதன்முறை தமியான் அடிகளுக்கு வாய்த்தது. மே 10ஆம் நாள் அவர் அங்கே சென்று சேர்ந்தார். தங்குவதற்கு இடமின்மையால், நம் நெய்தல் நிலத்துத் தாழைக்கு இனமான ஒரு மரத்தடியிற் படுத்துறங்கினார். சில நாட்களுக்குள், தாம் அங்கேயே தங்கிவிட விரும்புவதாக மேலோர்க்கு எழுதினார். முறை மாறவேயில்லை.

அவர் அங்குச் செய்த பணி பிரசங்கத்தோடு முடியவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். நோயாளரைத் துணைக்கொண்டு வீடுகள் கட்டினார். நன்னீரைக் குழாய்வழிக் கொணர உழைத்தார். பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். பாடகர் குழுவும் இசைக்கருவிக் குழுவும் ஏற்படுத்தினார். முன்பு இறந்தோரை ஆழமின்றிப் புதைத்தமையாற் பன்றிகள் தோண்டும் நிலையிருந்தது. அடிகள் கல்லறைக்கு வேலியிட்டு, பிணப்பெட்டிகளைத் தாமே செய்து, குழிகளையும் தாமே தோண்டி, ஒவ்வொருவரையும் மாந்தர்க்குரிய மதிப்போடு அடக்கம் செய்தார். இவ்வாறு அவர் செய்த பெட்டிகள் நூற்றுக்கணக்கின.

இவையெல்லாம் அவருக்கு எளிதாயிருந்தன என்று நாம் எண்ணலாகாது. ஆலயத்தினுள் நிறைந்த புண் நாற்றத்தைத் தாங்கமாட்டாமல் முதலில் வெளியே ஓடிவிட நினைத்ததுண்டு. அதனை மறைப்பதற்கென்றே புகைகுடிக்கப் பழகினார். எனினும் அவர்களோடு ஒரே கலத்தில் விரலிட்டு உண்டார். அவர்கள் கேட்டபொழுது தம் புகைக்குழலையும் கொடுத்தார்.

இவ்விடத்தே தமிழ் பயிலும் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கேட்போரை நீக்கிச் சொல்லுங்கால் நாங்கள் என்றும், அவரையும் உளப்படுத்துங்கால் நாம் என்றும் வழங்குகின்றோம். அடிகள் பிரசங்கம் செய்த ஹவாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. அங்குச் சென்ற அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே தமையனார்க்கு எழுதிய கடிதம் ஒன்றில், தாம் பிரசங்கிக்கும்பொழுது சகோதரரே என விளியாமல், நாம் தொழுநோயாளர் என்றே தொடங்குவதாகத் தெரிவித்துள்ளார். நோய் அவரைப் பற்றியதாகக் கண்டது அதற்குப் பதினோராண்டுகள் பின்னரே. உடல் ஒன்றாவதற்கு முன்னே சொல் ஒன்றாயிற்று. சொல்லுக்கு முன்னே உள்ளம் ஒன்றாகியிருத்தல் வேண்டும்.

அடிகளிடத்துக் குறைகள் இல்லாமலில்லை. முன்கோபமும் பிடிவாதமும் உடையவர். மேலோரோடும் உடனுழைத்தாரோடும் பிணங்கியதுண்டு. ஆனால் தம் குறைகளை மறைக்க அவர் முயன்றிலர். 1873இல் அவர் தீவைவிட்டு வெளியேறலாகாதெனத் தடையிருந்த காலத்தில், அவருடைய மேலதிகாரியான குரு ஒருவர் கப்பலில் வந்தார். அவரைக் கரையில் இறங்கவும், அடிகளைக் கப்பலில் ஏறவும் தலைவன் விடவில்லை. அடிகள் படகில் நின்றபடியே, பிறர் செவியிற் படுமாறு பிரெஞ்சு மொழியிற் கூவித் தம் பாவங்களை அறிக்கை செய்தார். நான்கு சுவர்க்குள் சொல்லவும் நாணுகின்ற நமக்கு இது வியப்பளிப்பதாம்.

1884 டிசம்பரில் ஒருநாள் கொதிநீரிற் கால் பட்டும் அவருக்குச் சுடவில்லை. 1885இல் மருத்துவர் நோயை உறுதிசெய்தார். அதற்குப் பின்னும் அவர் ஓய்ந்திலர். முன்னினும் விரைந்து கட்டடங்களை முடிக்கலானார். 1886இல் ஜோசப் டட்டன் என்பவரும், 1888இல் மரியன்னை கோப் என்னும் கன்னியர் தலைவியாரும் துணையாய் வந்து சேர்ந்தனர். தம் பணிக்கு உரியோர் வந்துவிட்டமை கண்டு ஆறுதலுற்ற அடிகள், 1889 ஏப்ரல் 15ஆம் நாள், பாடுகளின் வாரத்துத் திங்கட்கிழமையன்று, தம் 49ஆம் வயதில் உயிர் நீத்தார். முதல் இரவுகளில் உறங்கிய அம்மரத்தடியிலேயே, அவர் விரும்பியவாறு, அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்தபின் அவரைப் பழித்தாரும் உண்டு. ஆங்கில ஆசிரியர் ஸ்டீவன்சன், அடிகள் இறந்த அவ்வாண்டே அத்தீவிற்குச் சென்று உசாவி, 1890இல் ஒரு திறந்த மடல் எழுதிப் பழியை மறுத்தார். அடிகளின் குறைகளையும் அதில் அவர் மறைக்கவில்லை. 1936இல் அடிகளின் உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. நோயாளரைப் பிரித்துவைக்கும் விதி 1969இல் ஒழிந்தது. அதற்குள் ஏறக்குறைய 8000 பேர் அங்கு அனுப்பப்பட்டிருந்தனர். 1995இல் அடிகளின் வலக்கை மட்டும் மொலக்காய்க்கு மீண்டும் அனுப்பப்பெற்றுப் பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. புண் கட்டியதும் குழி தோண்டியதும் அக்கையன்றோ! 2009இல் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தொழுநோய்க்கு இப்பொழுது மருந்து உண்டு. அடிகளைப்போல் நோயை ஏற்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. சீஷருடைய கால்களைக் கழுவிய கிறிஸ்துநாதர், மேலிருந்து கைநீட்டாமல், அவர்முன் குனிந்து நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது. சிற்றூருக்குச் சென்று மீண்டபின் நாம் எழுதும் அறிக்கைகளில், நாங்கள் அவர்களுக்கு இன்னது செய்தோம் என்றே எழுதுகின்றோம். அவ்வூரார் பெயர் ஒன்றேனும் நமக்கு நினைவில் நிற்பதில்லை. அடுத்த முறை செல்லுங்கால் துடைப்பத்தோடு இதனையும் எடுத்துச் செல்வோமாக: அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் தரும் நீரைப் பருகி, நாம் என்று கூசாமற் சொல்லும் மனம். அம்மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.