றொபேட் பிறவுண் கண்ட ஓயா அசைவு

றொபேட் பிறவுண் என்னும் பெயரை நம் மாணவர் பௌதிகவியற் பாடத்திலேயே எதிர்ப்படுவர். பிறவுணின் அசைவு என்னுந் தொடரை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுவர். அப் பெயருக்குரியார் பௌதிகவியலார் அல்லர், பூவும் புல்லும் ஆராய்ந்த தாவரவியலார் என்பதை அறிவோர் சிலரே.

ஸ்கொத்லாந்திலே மொன்றோஸ் என்னும் ஊரில் 1773 ஆம் ஆண்டு பிறந்த இவர், எடின்பரோவில் வைத்தியம் பயின்றும் பட்டம் பெறாது, படைப்பிரிவொன்றில் உதவி வைத்தியராய் அமர்ந்தார். 1801 இல் கப்பலேறி அவுஸ்திரேலியக் கரைகளை ஆராயச் சென்று, 1805 இல் ஏறத்தாழ நாலாயிரம் தாவர இனங்களுடன் மீண்டார். அவற்றைப் பற்றி 1810 இல் அவர் வெளியிட்ட அரிய நூல் விலைபோகவில்லை. நல்ல நூலுக்கு வாங்குவோர் அருகுதல் நம் நாட்டுக்கே உரிய குறையன்று போலும்.

இனி, 1827 ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம். கிளாக்கியா என்னும் செடியின் மகரந்தத்தை நீரிலிட்டு, ஒற்றை வில்லை கொண்ட எளிய நுணுக்குக்காட்டியால் பிறவுண் நோக்கினார். மகரந்தமணியே ஆடிற்றெனச் சிலர் எழுதுவர், அது பொருந்தாது. அம்மணியின் உள்ளிருந்த துகள்களே, அங்குலத்தில் 5000 இல் ஒரு பங்களவினவாய், ஓய்வின்றித் துள்ளின. ஆண்பூவின் உயிர்ச்சத்து கண்ணெதிரே துடிக்கின்றதென்று எவரும் மகிழ்ந்திருக்கக்கூடிய தருணம் அது. பிறவுணோ தாம் கண்டதைத் தாமே சோதிக்கலானார். நூறாண்டுக்கு மேலாக உலர்ந்து கிடந்த செடியின் மகரந்தத்தை எடுத்தார்; அதன் துகளும் ஆடிற்று. கண்ணாடியைப் பொடித்தார், கல்லைப் பொடித்தார், எகிப்திய சிங்கவுருவச் சிலையின் சிறு துண்டையும் பொடித்தார். அனைத்தும் ஆடின! உயிருக்கும் இவ்வசைவுக்கும் தொடர்பில்லை என்பது பெறப்பட்டது.

நீர் ஆவியாதலால் எழும் ஓட்டமோ என்று ஐயுறுவார்க்கும் விடை தேடினார். துகளொன்றே அடங்கிய சிறு நீர்த்துளியை வாதுமையெண்ணெயினுள் அடைத்து வைத்தார். ஆவி வெளியேற வழியில்லை; ஆயினும் ஆட்டம் நின்றபாடில்லை. யான் இவரைப் போற்றுவது கண்டுபிடிப்பிற்காக மட்டுமன்று. காரணம் புலப்படாதவிடத்துப் புனைந்துரையாது விட்ட நேர்மைக்காகவுமாம். அக்காரணத்தை 1905 இல் ஐன்ஸ்ரைன் கணித்துக் காட்டினார்: கண்ணுக்குப் புலனாகா நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுதலே அது. பெறின் என்னும் பிரெஞ்சு அறிஞர் பரிசோதனையால் அதனை உறுதிசெய்து, 1926 இல் நோபெல் பரிசு பெற்றார்.

இன்று வைத்தியர் நோயாளியின் உடலுள் மருந்துப்பொதி பதிக்கின்றனர். 1983 இல் பின்லாந்தில் அனுமதி பெற்ற கருத்தடைக் குழல்கள் மேற்கையின் தோலடியில் ஐந்தாண்டளவு கிடந்து, தம் சிலிக்கோன் சுவரினூடே மருந்தைச் சிறிது சிறிதாய்க் கசியவிட்டன. அம்மருந்தை வெளிக்கொணர்வதும் மூலக்கூறுகளின் ஓயா அசைவே. மிகையாய்க் கசியின் தீங்கு, குறையின் பயனில்லை. ஆதலின் பொதியின் நுண்துளைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும், உள்ளே மருந்து பரவுமாற்றை லேசர் ஒளியால் அடுக்கடுக்காய் நோக்குங் கருவிகளாலும் ஆராய்கின்றனர்.

பிறவுண் 1858 ஆம் ஆண்டு யூன் மாதம் 10 ஆந் திகதி இலண்டனிற் காலமானார். அதனால் ஒத்திவைக்கப்பட்ட லின்னேயன் சங்கக் கூட்டம் யூலை முதலாந் திகதி கூடிற்று. டாவினும் வொலசும் எழுதிய பரிணாமக் கட்டுரைகள் அன்றுதான் முதன்முதல் வாசிக்கப்பட்டன.