சலீம் அலி: வெறும் சேறு என்று ஒதுக்கிய இடத்துக்குக் கணக்கு காட்டியவர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், மழைக்காலம் முடிந்ததும் பள்ளிக்கரணைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பறவை பார்க்கிறவர்களைக் காணலாம். செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து சேரும் தாழ்வான இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைத் தொடும். பல வருடங்களாக இது பலருக்கும் வெறும் காலி இடம்தான். குப்பை கொட்டினார்கள், கட்டடம் கட்டினார்கள். மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது.

காலி இடம் எப்படி ஈரநிலம் ஆகிறது? பெரும்பாலும் பறவைக் கணக்கால். 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாக வந்து தங்கும் இடம் என்பது ராம்சர் தகுதிகளில் ஒன்று. அப்படியென்றால் யாராவது போய் எண்ணியிருக்க வேண்டும், இல்லையா? அந்த வேலையை இந்தியாவில் நிலைநிறுத்தியவர் என்றால் முதலில் வரும் பெயர் சலீம் அலி. பள்ளிப் புத்தகத்தில் ‘பறவை மனிதர்’ என்று ஒரு பத்தியில் முடிந்துவிடுகிற மனிதர். தமிழகக் கடற்கரைக்கு அவர் செய்தது அந்தப் பத்தியில் பெரும்பாலும் இருக்காது.

குருவியில் ஆரம்பித்தது

1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மா. தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜி வீட்டில் வளர்ந்தார். சின்ன வயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பாடம் செய்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். பையன் அதிலேயே விழுந்துவிட்டான்.

ஆனால் வாழ்க்கை அதற்கு வழிவிடவில்லை. பர்மாவில் குடும்பத் தொழில் பார்க்கப் போனார், அது நொடித்துப்போனது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. பெர்லின் போய் ஸ்ட்ரெஸ்மான் என்ற பெரிய பறவையியலாளரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு 1930இல் திரும்பினால், பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் போச்சு. கொடுக்க நிதி இல்லையாம்.

சம்பளம் இல்லாத அந்த நாட்களில்தான் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோர கிராமத்தில், மனைவி தெஹ்மினாவுடன் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி ஒன்றன்பின் ஒன்றாகக் கூடு கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதை விளக்கி எழுதினார். பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம் என்பதுதான் ஒப்பந்தம். 1939இல் தெஹ்மினா இறந்தார். 1941இல் வெளியான இந்தியப் பறவைகள் புத்தகம் அவரை ஊரறியச் செய்தது.

கோடியக்கரைக்கு எப்படி வந்தார்?

இங்கேதான் கதை ஒரு காய்ச்சலில் திரும்புகிறது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. உண்ணி மூலம் பரவும் அந்த வைரஸ், ரஷ்யாவில் இருந்த ஒன்றுக்கு நெருங்கிய உறவு. வலசை வரும் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் உதவ, 1959இல் சலீம் அலி தலைமையில் பறவைகளைப் பிடித்து வளையமிடும் பெரிய திட்டம் தொடங்கியது.

முறை எளிது. பறவையை வலையில் பிடிப்பது, காலில் எண் பொறித்த லேசான உலோக வளையம் மாட்டுவது, விட்டுவிடுவது. எங்கோ யாரோ அதைக் கண்டெடுத்துத் தகவல் சொன்னால், ஒரு பயணத்தின் இரண்டு முனைகள் தெரிந்துவிடும். பிடிப்பதற்கு பீகாரின் மிர்ஷிகார்களை அழைத்துவந்தார்கள்; தலைமுறை தலைமுறையாக விற்பனைக்காகப் பறவை பிடித்தவர்கள். அவர்கள் கைவசம் இருந்த வித்தை, பறவைக்கு ஊறு வராமல் பிடிக்கும் வித்தையும்கூட.

நோயைப் பறவைகள்தான் கொண்டுவந்தன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவிலும் கஜகஸ்தானிலும் அகப்பட்டன. வேதாரண்யத்துக்குத் தெற்கே, பாக் ஜலசந்தியை ஒட்டிய கோடியக்கரையின் முக்கியத்துவத்தை 1962இல் முதலில் எடுத்துச் சொன்னவர் சலீம் அலி. 1967இல் அது சரணாலயம் ஆனது. வெளிமான்களும் பூநாரைகளும் எல்லோர் கண்ணிலும் படும். கொசு உள்ளான் படாது. அந்தக் குட்டிப் பறவை ஆர்க்டிக் ஓரத்திலிருந்து வந்து, சேற்றில் இருக்கும் புழுக்களையும் பூச்சிகளையும் தின்று கொழுப்பு சேர்த்துக்கொண்டால்தான் திரும்பிப் பறக்க முடியும். சேறு போனால் அந்தப் பயணமே முறிந்துவிடும்.

சர்ச்சையும் உண்டு

உலக சுகாதார நிறுவனப் பணம் நின்றபின், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்றிடம் நிதி வாங்கினார்கள். 70களில் அது வெடித்தது. பறவை வழியாகக் கிருமிப் போருக்கு ஒத்திகையா என்று நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. சலீம் அலி திட்டவட்டமாக மறுத்தார். ஆனாலும் பனிப்போர்க் காலத்தில் அந்தப் பணத்தை வாங்கியிருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

அவர் உயிரையே கொல்லாத சாது அல்ல. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர். பாவ புண்ணியம் பேசி இயற்கையைக் காப்பாற்ற முடியாது. அறிவியலும் பொருளாதாரமும் ரசனையும் சேர்ந்த காரணங்கள் வேண்டும் என்பது அவர் கட்சி. பரத்பூர் ஏரிக்காகவும் சைலன்ட் வேலி காட்டுக்காகவும் அப்படித்தான் வாதாடினார். கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார்.

1987 ஜூன் 20இல், 90 வயதில் காலமானார். கோடியக்கரை 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வளையமிடும் வேலையை பம்பாய் சங்கம் அங்கே தொடர்ந்து செய்துவருகிறது. பள்ளிக்கரணையிலோ முட்டுக்காட்டிலோ வளையத்தோடு ஒரு பறவையைப் பார்த்தால் துரத்த வேண்டாம். எண்ணைப் படிக்க முடிந்தால் குறித்துக்கொண்டு, இடம், தேதியோடு அந்தச் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம்.