மாணவர்களைத் தொழில் முனைவோராக்கிய பேராசிரியர் பி.சி. ராய்

பட்டம் பெற்றதும் மனுவைக் கையிலேந்தி அரசு அலுவலக வாயிலில் நிற்பதே கல்வியின் பயன் என்று வங்காள இளைஞர்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய். தொழில் தொடங்க விழையும் நம் மாணவமணிகளும், அவர்களுக்குக் கைகொடுக்கும் நிலையிலுள்ள வணிகப் பெருமக்களும் அறிய வேண்டிய வரலாறு என்பதால் அதனை இங்கே தருகின்றோம்.

இன்றைய பங்களாதேஷின் குல்னா பகுதியிலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் 1861 ஆகஸ்ட் 2 அன்று அவர் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியவருக்கு 1889இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் பணி கிடைத்தது. 1937இல் வங்காள மாகாணத்தின் பிரதம அமைச்சரான ஏ.கே. பஸ்லுல் ஹக் அங்கு அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

நன்கு படித்த தம் மாணவர்கள் எழுத்தர் வேலைக்கு அலைவதைக் கண்டு ராய் மனம் வருந்தினார். வகுப்பறை அறிவுரை மட்டும் போதாது என்று உணர்ந்தவர், 1892இல் அப்பர் சர்குலர் சாலையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே மருந்துத் தயாரிப்பைத் தொடங்கினார். கையிலிருந்த முதல் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவே. பங்களா என்று எண்ணிவிட வேண்டாம். தங்குமிடம், ஆய்வுக்கூடம், தொழிற்கூடம் எல்லாம் அவ்வீடுதான்.

அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கால்சியம் பாஸ்பேட் தயாரிக்க ராஜாபஜார் இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்புகளை வாங்கி மொட்டை மாடியில் உலர்த்தினார். மழை பெய்து அவை அழுகி நாற்றமெடுத்தன. காக்கைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் அவற்றைக் கொண்டுபோய்ப் போட்டன. அண்டை வீட்டார் பொறுப்பார்களா? எலும்புகளை ஊருக்கு வெளியே கொண்டு சென்று எரிக்க வேண்டியதாயிற்று. கல்லூரியில் பாடம் முடித்து மாலையில் வீடு திரும்பும் பேராசிரியர், உடை மாற்றிக்கொண்டு இந்த வேலையில் இறங்குவார்.

மருந்து தயாரானாலும், வெளிநாட்டுச் சரக்கையே நம்பிய மருந்துக் கடைக்காரர்கள் அதனை வாங்கத் தயங்கினர். அந்நிலையில் தோள் கொடுத்தவர் நண்பர் மருத்துவர் அமுல்ய சரண் போஸ். பிற மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்லி இம்மருந்துகளை எழுதித் தரச் செய்தார். மேலைநாட்டு மருந்துகளோடு ஆடாதோடைச் சர்பத்து, ஓமத் திரவம், நிலவேம்புச் சாறு ஆகிய உள்நாட்டு மருந்துகளும் சீசாக்களில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன.

வேதியியலில் எம்.ஏ. முடித்திருந்த சதீஷ் சந்திர சின்ஹா என்னும் இளைஞரும், வேறு வேலை தேடாமல், இம்முயற்சியில் பங்கேற்றார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயனிக் அமிலத்தால் நேர்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். அத்துயரம் ஆறுவதற்குள், 1898இல் அமுல்ய சரண் போஸும் பிளேக் நோய்க்குப் பலியானார். தம்மை நம்பி வந்த இளைஞரையும் உற்ற துணைவரையும் இழந்த ஒருவர் அத்தோடு கடையைக் கட்டியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. ராய் கட்டவில்லை. இதனையே அவர் வாழ்வின் பெருஞ்சோதனையாக நாம் கருதுகின்றோம்.

1901இல் அது பெங்கால் கெமிக்கல் என்னும் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. 1903இல் அங்கே வேதியியலாளராகச் சேர்ந்த ராஜசேகர் பாசு என்னும் இளைஞர், சட்டமும் படித்துச் சில நாட்களே வழக்காடியவர். அவரிடமுள்ள திறமையை அறிந்து நிர்வாகப் பொறுப்பையே ராய் ஒப்படைத்தார். ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் பாசு அதனைத் திறம்பட நடத்தினார். (வங்க மொழியில் பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவரும் இவரே.) தாம் தொடங்கிய தொழிலை இளையவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது எத்துணைக் கடினம் என்பதை நம் வணிகப் பெருமக்கள் நன்கறிவர்.

ராய் மணம் புரியவில்லை. 1916இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து விலகிப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். 1921 முதல் தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறை வளர்ச்சிக்கே அளித்துவிட்டார். மறு ஆண்டு, ஆராய்ச்சிப் பரிசு ஒன்றிற்காகப் பத்தாயிரம் ரூபாய் வழங்கினார். கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் எளிய அறையில், ஏழை மாணவர் சிலரைத் தம்முடன் தங்கவைத்துக்கொண்டு இறுதிவரை வாழ்ந்தார். 1944 ஜூன் 16 அன்று, தம் 82ஆம் வயதில் காலமானார்.