கஞ்சாவை மருந்தாக்கிய தந்தி டாக்டர்

கல்கத்தாவில் ஒரு டாக்டர் ஒரு நாய்க்குக் கஞ்சாப் பிசின் கொடுத்தார்.

நடுத்தரமான நாய். கொடுத்த அளவு அரை கிராமுக்குச் சற்று அதிகம். நேபாளத்திலிருந்து வந்த சரஸ் அது. அதைச் சாராயத்தில் கரைத்து ஊற்றினார்கள். அரை மணி நேரத்தில் நாய் மந்தமாகிவிட்டது. தூங்கும், திடுக்கென்று எழுந்திருக்கும், எதற்கோ சந்தோஷப்பட்டு வாலை ஆட்டும். சாப்பாட்டைக் கண்டதும் பறந்து பறந்து தின்றது. கூப்பிட்டால் தள்ளாடித் தள்ளாடி வந்தது. முழுக் குடிகாரனின் முகத்தைப் போல் இருந்ததாம் அதன் முகம். இரண்டு மணி நேரம் இப்படி. பிறகு மயக்கம் மெள்ளத் தெளிந்தது. ஆறு மணி நேரத்தில் நாய் பழையபடி துள்ளி ஓடியது.

டாக்டர் இவ்வளவையும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார். 1838-ம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. கஞ்சா மேல்நாட்டு வைத்தியத்துக்குள் நுழைந்தது இந்தக் குறிப்பேட்டின் வழியாகத்தான்.

அந்த டாக்டரின் பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி. நாடு முழுவதும் தந்திக் கம்பி போட்டவரும் இவரேதான்!

விஷ மிட்டாய்

ஓஷானசி 1809-ம் ஆண்டு அயர்லாந்தில் லிமெரிக் நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துக்குப் போய் வைத்தியம் படித்தார். இருபது வயதுக்குள் பட்டம் வாங்கிவிட்டார். லண்டனுக்கு வந்தார். அங்கே வைத்தியம் பார்ப்பதற்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. வெளியூர்ப் பட்டக்காரர்களை லண்டன் வைத்தியர் சங்கம் லேசில் உள்ளே விடாது.

நோயாளியைத் தொட முடியாவிட்டால் என்ன? ரசாயனம் தெரியுமே! விஷங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இறங்கினார். லண்டன் கடைகளில் குழந்தைகளுக்காக விற்ற வண்ண மிட்டாய்களை வாங்கி வந்து சோதித்தார். மஞ்சள் மிட்டாயில் ஈயம்! சிவப்பு மிட்டாயில் பாதரசம்! பச்சை மிட்டாயில் செம்பு! லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார்.

அதே 1831-ம் ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் காலரா புகுந்தது. நம் ஊரில் வாந்திபேதி என்பார்களே, அதுதான். ஓஷானசி அங்கே ஓடினார். நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். ரத்தத்தில் இருக்க வேண்டிய தண்ணீரும் உப்பும் குறைந்து, ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 22.

1832 மே மாதத்தில் தாமஸ் லட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதைச் செய்து பார்த்தார். உப்புக் கலந்த நீரை நோயாளியின் ரத்தக் குழாயில் செலுத்தினார். இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் பாட்டிலைத் தொங்கவிட்டு சலைன் ஏற்றுகிறார்களே, அதன் ஆரம்பம் அங்கேதான். இதற்காகவாவது ஓஷானசியின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

கல்கத்தாவில்

1833-ம் ஆண்டு கும்பினி உத்தியோகத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்து ஓஷானசி வங்காளத்துக்கு வந்தார். 1835-ல் கல்கத்தா மெடிக்கல் காலேஜ் ஆரம்பமாயிற்று. அதில் அவர் ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

இந்த நாட்டில் மக்கள் எந்தெந்தப் பச்சிலையை எதற்கெதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் விசாரிக்க ஆரம்பித்தார். கும்பினி உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் அப்படி விசாரித்தவர்கள் அல்ல. ஓஷானசி யாரிடமும் போய்க் கேட்பார். சம்ஸ்கிருத நூல்களில் கஞ்சாவைப் பற்றி என்ன இருக்கிறது என்று பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரிடமும், மதுசூதன் குப்தாவிடமும் கேட்டார். பாரசீக, அரபு நூல்களுக்கு முஸ்லிம் அறிஞர்களின் உதவியைத் தேடினார். உதவியவர்களின் பெயர்களை மறைக்காமல் தம் கட்டுரையிலும் எழுதினார்.

கஞ்சா நம் நாட்டுக்குப் புதிது அல்ல. பங்கி குடிப்பவர்களும் இருந்தார்கள், சிலும்பியில் வைத்துப் புகைப்பவர்களும் இருந்தார்கள், வைத்தியர்களும் வைத்திருந்தார்கள். ஆனால் எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு மேல்நாட்டு டாக்டர்களிடம் இல்லை. அந்தக் கணக்கைத்தான் ஓஷானசி தேடினார். ஆகவேதான் முதலில் நாய். நாய்க்குப் பிறகு வேறு பிராணிகள். மாமிசம் தின்பவைக்குப் போதை ஏறியது. ஆடு, மாடு, குதிரைகளுக்கு அவ்வளவாக ஏறவில்லை. ஒரு பிராணியும் சாகவில்லை என்று தெரிந்த பிறகே மனிதர்களிடம் வந்தார்.

அவருடைய மாணவர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் மிகவும் அடக்கமானவன். வாயைத் திறந்து பேசமாட்டான். பத்துத் துளி மருந்து உள்ளே போயிற்று. இருபது நிமிஷத்தில் பையன் ராஜா ஆகிவிட்டான்! மந்திரிகளுக்கு உத்தரவு போட்டான். கூடப் படிக்கும் தோழர்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ராஜ்ய விஷயம், மத விஷயம், சாஸ்திர விஷயம் எல்லாம் பிரசங்கம் செய்தான். மூன்று மணி நேரம் தர்பார் நடந்தது.

மூட்டு வாதத்தால் அவதிப்பட்ட மூன்று நோயாளிகளுக்கு ஒரே அளவு மருந்து கொடுத்தார். ஒருவர் பாட்டுப் பாடினார். இன்னும் சாப்பாடு வேண்டும் என்று கத்தினார். தமக்கு நோயே இல்லை என்றார். பிறகு அப்படியே நினைவு தப்பிவிட்டது. கையைத் தூக்கி வைத்தால் தூக்கிய இடத்திலேயே நின்றது, மெழுகுப் பொம்மை மாதிரி. டாக்டருக்கு வயிற்றில் நெருப்பு. நள்ளிரவு தாண்டிய பிறகே அவருக்கு நினைவு திரும்பியது. இரண்டாமவர் சும்மா தூங்கினார். மூன்றாமவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. விசாரித்தால், அவர் ஏற்கெனவே கஞ்சாப் புகைப்பவராம்!

ஒரே மருந்து, ஒரே அளவு. ஆளுக்கு ஆள் வேறு விதம். இந்தத் தொல்லை இன்றுவரை தீரவில்லை.

தண்ணீரைக் கண்டால் நடுக்கம்

இனி வருவதுதான் ஓஷானசியின் வாழ்க்கையில் என் மனத்தை விட்டு நீங்காத சம்பவம்.

அப்துல்லா என்ற ஹக்கீமை வெறிநாய் கடித்தது. சுமார் மூன்று வாரம் கழிந்தது. நோய் கிளம்பிவிட்டது. தொண்டை வறண்டு தாகத்தால் தவிப்பார். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டு வந்தாலோ உடம்பு முழுவதும் நடுங்கி இழுக்கும். தண்ணீர் என்ற நினைப்பே போதும், பயம் பிடித்துக்கொள்ளும். ஹக்கீம் என்றால் வைத்தியர். தமக்கு வந்திருப்பது இன்ன நோய், அதன் முடிவு இன்னது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அவரைப் பிழைக்க வைக்க முடியாது என்பது ஓஷானசிக்கும் தெரியும். இந்தப் பயத்தையாவது குறைக்க முடியாதா என்று பார்த்தார். மணிக்கு ஒரு முறை கஞ்சாப் பிசினைச் சிறு உருண்டையாகக் கொடுத்தார். மூன்றாவது உருண்டைக்குப் பிறகு ஹக்கீமின் முகம் மாறியது. நடுக்கம் தணிந்தது. தம்முடைய நோயைப் பற்றியே டாக்டருடன் கலகலப்பாகப் பேச ஆரம்பித்தார். ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்தார்கள். சாற்றை உறிஞ்சி விழுங்கினார். பிறகு ஈரப்படுத்திய சோறும் உள்ளே போயிற்று.

சில நாளில் ஹக்கீம் இறந்துபோனார். ஆனால் அந்த நோய்க்காரர்கள் வழக்கமாகப் படும் கோர வேதனையோடு சாகவில்லை. இதை நோயைக் குணப்படுத்தியதாக ஓஷானசி எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. வேதனையைத் தணித்ததாக மட்டும் எழுதினார். நோயாளி பிழைக்கமாட்டார் என்று தெரிந்தபின் விலகிப் போகும் டாக்டர்கள் உண்டு. இவர் போகவில்லை.

(வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு ஊசி 1885-ல் பாஸ்டர் கண்டுபிடித்தது. நோய் கிளம்பிவிட்டால் இன்றும் பிழைப்பது அபூர்வம். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.)

தனுர்வாதக்காரர்களுக்கும் அவர் இதைக் கொடுத்தார். சிலர் பிழைத்தார்கள். பிறந்து நாற்பது நாள் ஆன ஒரு பெண் குழந்தைக்கு இழுப்பு. வேறு வைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை. சொட்டுச் சொட்டாகக் கஞ்சா மருந்து கொடுத்தார். குழந்தை பிழைத்தது. இவை எல்லாவற்றையும் 1839-ல் வங்காள வைத்திய சங்கத்தின் முன் கட்டுரையாகப் படித்தார். விடாமல் கஞ்சா குடிப்பவர்களுக்குச் சித்தப் பிரமை உண்டாகிறது என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருந்தது.

லீவில் சீமைக்குப் போனபோது கஞ்சாவை எடுத்துக்கொண்டு போனார். லண்டனில் பீட்டர் ஸ்குயர் என்ற மருந்துக் கடைக்காரர் அதிலிருந்து சத்து இறக்கி மருந்து தயாரித்தார். 1843-ல் ராயல் சொசைட்டி ஓஷானசியை அங்கத்தினராக்கிக் கௌரவித்தது. லைசென்ஸ் கிடைக்காமல் போன அதே லண்டனில்!

விரலில் வந்த செய்தி

கஞ்சா ஆராய்ச்சி நடந்த அதே 1839-ல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். கல்கத்தாவுக்கு அருகே மைல் கணக்கில் கம்பி கட்டி, அதில் மின்சாரத்தை ஓடவிட்டார். இந்த முனையில் அனுப்பிய குறி அந்த முனையில் இருப்பவரின் விரலில் சிறு அதிர்ச்சியாகப் பட்டது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் கம்பி போட்டார். அன்று அதை யாரும் சட்டை செய்யவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, கவர்னர்-ஜெனரல் டல்ஹவுசி பிரபு அந்த வேலையை அவரிடமே ஒப்படைத்தார். 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை தந்தி ஓடியது. கல்கத்தாவிலிருந்து ஆக்ரா வரை சுமார் 800 மைல் லைனை 1853 நவம்பரில் தொடங்கி, 1854 மார்ச்சில் முடித்துவிட்டார். பிறகு பம்பாய், பெஷாவர், சென்னை, ஊட்டி வரையில் கம்பி போயிற்று. குரங்கு தொங்கும், பருந்து உட்காரும் என்று கனமான இரும்புக் கம்பியாகவே போட்டாராம்! 1855-ல் பொதுமக்களும் தந்தி அடிக்க ஆரம்பித்தார்கள். 1856-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தபோது கும்பினியைக் காப்பாற்றியதில் அந்தக் கம்பிக்கும் பங்கு உண்டு. சிப்பாய்கள் அதை அறுத்துப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. நம் வீடுகளுக்குக் கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் கொண்டு வந்த அந்தத் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.

பிறகு கஞ்சா என்ன ஆயிற்று?

அரை நூற்றாண்டுக் காலம் மேல்நாட்டு மருந்துக் கடைகளில் கஞ்சாச் சத்து விற்றது. பிறகு மவுசு குறைந்தது. ஒரு புட்டி வேலை செய்யும். அடுத்த புட்டி செய்யாது. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தானே அளவு சொல்லலாம்? அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த மெக்கூலமும் காவோனியும். ஆண்டு 1964. அதற்குள் பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் மருந்து நூல்களிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டன. நம் நாட்டில் 1985-ம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம். வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சர்க்கார் அனுமதி வேண்டும்.

ஹக்கீமின் பயத்தைப் போன்ற ஒரு பயத்துக்காகவே இன்று மறுபடியும் கஞ்சாவைத் தேடுகிறார்கள். சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய், பெரிய விபத்தில் தப்பியவர், கொடுமைக்கு ஆளான பெண் ஆகியோருக்கு ஆபத்து போய்விட்டாலும் பயம் போவதில்லை. பட்டாசு வெடித்தால் உடம்பு நடுங்கும். தூங்கினால் பழைய காட்சி கனவில் வரும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணம் 2009-ல் இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. வேறு பல மாகாணங்களும் பின்பற்றின. குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று சொல்லும் பழைய சிப்பாய்கள் ஏராளம்.

ஆனால் ஓஷானசி செய்ததுபோல் அளந்து பார்த்தபோது என்ன தெரிந்தது? அமெரிக்காவில் பழைய சிப்பாய்கள் 80 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. முடிவு 2021-ல் வெளியாயிற்று. சிலருக்கு உண்மையான கஞ்சா. சிலருக்குச் சத்து நீக்கிய வெறும் கஞ்சா. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரத்தில் எல்லோருக்குமே ஓரளவு நிம்மதி ஏற்பட்டது. வெறும் கஞ்சா குடித்தவர்களுக்கும்தான்! இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சிறு அளவில் பயத்தைத் தணிக்கும் இதே பொருள், அளவு மிஞ்சினால் பயத்தைக் கிளப்பிவிடும் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்த நோய்க்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்க ராணுவமும் பழைய சிப்பாய்கள் இலாகாவும் 2023-ல் டாக்டர்களுக்குச் சொல்லின. நடந்ததை வாய்விட்டுச் சொல்லவைத்து, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிப் போக்கும் சிகிச்சையையே முதலில் சிபாரிசு செய்கிறார்கள். ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

ஓஷானசி 1860 வாக்கில் சீமைக்குத் திரும்பினார். மறுபடி இந்தியாவுக்கு வரவில்லை. 1861-ல் தம் குடும்பப் பெயரையும் புரூக் என்று மாற்றிக்கொண்டார். அதன் பிறகு கஞ்சாவைப் பற்றியோ, காலராவைப் பற்றியோ, தந்தியைப் பற்றியோ அவர் பெயர் பெரிதாக அடிபடவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அமைதியாக இருந்துவிட்டு, 1889 ஜனவரியில் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார்.