ரத்த வகை சரியாக இருந்தும் மூச்சுத் திணறுவது ஏன்? லேண்ட்ஸ்டைனர் காட்டிய வழி

ஜூன் 14 உலக ரத்த தான தினம். அது கார்ல் லேண்ட்ஸ்டைனரின் பிறந்த நாள். 1868-ல் பிறந்தவர். பத்திரிகையாளரான அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட, அம்மாதான் வளர்த்து ஆளாக்கினார். 1891-ல் மருத்துவப் பட்டம் வாங்கினாலும், மனசெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான்.

அப்போது ரத்தம் ஏத்துவது சூதாட்டம் மாதிரி. ஒருவர் பிழைப்பார்; இன்னொருவர் துடிதுடித்து இறப்பார். ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. லேண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் சக ஊழியர்களின் ரத்தத்தையும் எடுத்து, சிவப்பணுக்களையும் சீரத்தையும் தனியாகப் பிரித்து, மாத்தி மாத்திக் கலந்து பார்த்தார். சில கலவைகளில் ஒன்றும் ஆகவில்லை. சிலவற்றில் அணுக்கள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டன. சீரத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்தான் காரணம் எனக் கண்டறிந்து, 1901-ல் ரத்தத்தை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைய ஏ, பி, ஓ அவைதான். ஏபி வகை அடுத்த ஆண்டு தெரியவந்தது.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னா வறுமையில் வாடியது. அவர் நெதர்லாந்து போய், பிறகு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1930-ல் நோபல் பரிசு. 1940-ல் வீனருடன் சேர்ந்து ஆர்எச் காரணியை வெளியிட்டார். 1943 ஜூனில், 75 வயதில், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும்போதே மாரடைப்பு வந்து, இரண்டு நாளில் காலமானார்.

வகை பொருந்தினால் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1980-களில் மருத்துவர்கள் இன்னொரு சிக்கலுக்குப் பெயர் வைத்தார்கள். அதுதான் ‘ட்ராலி’ எனப்படும் நுரையீரல் பாதிப்பு. இங்கேயும் பெரும்பாலும் எதிர்ப்பொருள்தான் காரணம். கொடையாளரின் பிளாஸ்மாவில் உள்ள எதிர்ப்பொருள் நோயாளியின் வெள்ளையணுக்களைத் தூண்டிவிட, அவை நுரையீரலின் நுண்குழாய்களைச் சேதப்படுத்துகின்றன. நீர் கசிந்து மூச்சு திணறும். ரத்தம் ஏத்திய 6 மணி நேரத்துக்குள் இது வரும்.

கர்ப்பமாக இருந்த பெண்களில் சிலருக்கு இந்த எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். அதனால் அவர்கள் ரத்தமே தரக்கூடாது என்று அர்த்தமில்லை. பல நாடுகளில் பிளாஸ்மாவை மட்டும் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தும், கர்ப்பமாகாத பெண்களிடமிருந்தும், பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லாதவர்களிடமிருந்தும் எடுக்கிறார்கள்.

இது அரிதுதான். ஆனாலும் ரத்தம் ஏறும்போதோ, ஏத்தி முடித்த சில மணி நேரத்திலோ மூச்சு வாங்கினால், ‘குரூப் சரியாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ஏறிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஆக்சிஜன் கொடுப்பதுதான் முதல் சிகிச்சை.